ஆறு நிமிட நடை

தாழ்வாரத்தில் முப்பது மீட்டர் அளந்து
இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருக்கிறேன்.
போய்த் திரும்பிப் போய்த் திரும்ப வேண்டும்,
ஆறு நிமிடம்.
நான் கூட நடக்கக் கூடாது.
அச்சடித்த வாக்கியங்களைத் தவிர
எதுவும் பேசக் கூடாது:
"நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது."
மஸ்கட்டின் ஆகஸ்ட் வெளியே
கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்துகிறது.

என் தாளில் மூன்று பத்திகள்.
விலாவை விரித்துத் திறந்தவர்கள்.
துளையிட்டுக் கேமரா நுழைத்தவர்கள்.
ரோபோ கைகள் வெட்டித் தைத்தவர்கள்.
எந்தப் பத்தி முதலில் எழுந்து நடக்கிறது என்று
பெரிய டாக்டருக்குத் தெரிய வேண்டும்.
ஆறாவது வாரம் எல்லோரும் என்னிடம் வருவார்கள்.

சுஆத் டீச்சர், ரோபோ.
மகன் காரை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினான்.
வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் என்றேன்.
அல்ஹம்துலில்லாஹ் என்றார்.
மறுபடி கேட்டேன்.
மறுபடியும் அல்ஹம்துலில்லாஹ்.
அதை எந்த எண்ணில் எழுதுவது?
மகள் என் காதோரம் சொன்னாள்:
அம்மா இன்னும் சோபாவில் சாய்ந்துதான் தூங்குகிறாள்.

அருள்ராயன் சோஹாரில் கிரேன் ஓட்டுபவர்.
கட்டி பெரிய மூச்சுக்குழாயை ஒட்டிக் கிடந்தது.
துளைவழி போக முடியாத இடம், திறந்துதான் எடுத்தார்கள்.
முதுகில் தொடங்கி அக்குளுக்குக் கீழே வளைந்து
மார்பில் முடிகிறது தழும்பு.
மூன்றாம் நாள் இதே தாழ்வாரத்தில்
ரத்தம் வடியும் பெட்டியை டிபன் கேரியர் போலத் தூக்கிக்கொண்டு
ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஏசுவே சொல்லி நடந்தவர்.
இருமினால் தலையணையைக் கட்டிப்பிடித்து இருமுவார்.
இன்று பதின்மூன்று முறை கடந்தார். முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர்.
"சட்டையைக் கழட்டிக் காமிச்சேன் சிஸ்டர்.
கேம்ப் பாஸ் அப்படியே உக்காந்துட்டான்.
ரூம்ல எட்டுப் பேரு. எனக்குக் கீழ்க்கட்டில்.
துணி துவைக்க விடலை, வாளி தூக்க விடலை."

தவநேசன், வவுனியா.
ரூவியில் ஒரு கடையில் தந்தூர் அடுப்பு.
மூன்றே துளை. நான்காம் நாள் வீடு.
தாளில் அவர்தான் முதலிடம்,
டாக்டர் அவர் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

மூன்றாவது நிமிடம் நின்றார்.
சுவரில் உள்ளங்கையை ஊன்றினார்.
அவர் நின்றாலும் கடிகாரம் நிற்கக் கூடாது, அது விதி.
"முடிந்தபோது தொடருங்கள்" என்றேன், அச்சடித்தபடி.
விரலில் மாட்டிய கருவி எண்பத்தெட்டு என்றது.
சட்டையில் கரிப்புகை வாசம்.

ஒன்பது முறை. இருநூற்று எழுபது.
நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டேன்,
இப்போது எந்த விதியும் இல்லை,
எப்போது வேலைக்குப் போனீர்கள்?
"பன்னிரண்டாம் நாள்.
முதலாளி துளையைப் பார்த்தார்.
கொசு கடிச்சதோ எண்டு கேட்டார்."

உள்ளே எடுத்தது இருவருக்கும் ஒரே அளவு.
ஒரு மடல். மேல் மடல்.
கத்தி எந்த வாசலில் நுழைந்தது என்பதற்குப் பத்தி இருக்கிறது.
கீழ்க்கட்டிலுக்கு இல்லை.
போன மாதம் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன்.
கணினி ஓரங்களை வாங்குவதில்லை என்றார்கள்.

கிளம்பும் முன் சட்டைப் பொத்தானில் விரலை வைத்தபடி
தவநேசன் கேட்டார்:
"மிஸ், பெரிசா ஒரு கட்டுப் போட்டுவிடுவீங்களோ?"
காயம்தான் ஆறிவிட்டதே.
"ஓம். அதுதான் கரைச்சல்."

அலமாரியைத் திறந்தேன்.
அகலமான சுருளாகப் பார்த்து எடுத்தேன்.
முதுகிலிருந்து தொடங்கினேன்,
அக்குளுக்குக் கீழே வளைத்து
மார்பு வரைக்கும்.